ஸ்பேனர் பிடிக்கும் கையும் பேனா பிடிக்கும் கையும்



நம் வகுப்பறைகளிலும் வீடுகளிலும் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு வாக்கியம் உண்டு. "ஒழுங்காகப் படிக்காவிட்டால் ஸ்பேனர் பிடிக்கத்தான் போகிறாய்!" கணக்கில் பிழைவிட்ட மாணவர்களைப் பார்த்து நானும் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொன்னபோது அது பிள்ளையின் நன்மைக்கே என்று உளமார நம்பினேன். அந்த வாக்கியத்தை இனிச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். என்னை அந்த முடிவுக்குக் கொண்டுவந்தது எங்கள் வீட்டுச் சலவை இயந்திரம்.

எங்களுடையது முன்புறம் கதவு உள்ள வகை. எட்டாண்டுகள் குறைவின்றி உழைத்தது. சென்ற பள்ளி விடுமுறைக்கு மூன்று மாதங்களுக்கு முன் துணியைப் பிழியும் கட்டத்தில் ஒரு முனகல் கேட்கத் தொடங்கியது. நான் பொருட்படுத்தவில்லை. விடுமுறை வந்தபோது அது சரளைக்கல் நிரப்பிய தகரப் பீப்பாய் உருள்வதுபோல் பேரிரைச்சலாக வளர்ந்துவிட்டது. பழுதுபார்க்க வந்த ஒருவர் இயந்திரத்தைத் திறக்காமலேயே, "மோட்டார் போய்விட்டது, புதிது வாங்கிவிடுங்கள்" என்று கூறிவிட்டு, வந்து போனதற்கு 50 ரிங்கிட் பெற்றுச் சென்றார். புதிய இயந்திரம் 1,600 ரிங்கிட். என் துணைவியாருக்கு மனம் ஒப்பவில்லை. "உங்கள் பழைய மாணவர் பட்டறை வைத்திருக்கிறாரே, அவரை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்" என்றார்.

அவர் இருபது ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டில் என்னிடம் பயின்றவர். கடைசி வரிசையில் அமர்ந்திருந்தவர். நேரில் 'தம்பி' என்றே அழைக்கிறேன். இங்கே 'அவர்' என்றே எழுதுகிறேன். காரணம் போகப் போக விளங்கும்.

வந்தவர் கருவிப் பெட்டியைத் திறக்கவில்லை. முதலில் கேள்விகள் கேட்டார்.

"சத்தம் எப்போது தொடங்கியது சார்? துவைக்கும்போது வருகிறதா, பிழியும்போது வருகிறதா? வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடுகிறதா? தரையில் தண்ணீர்க் கசிவு, துரு நிறத்தில் கறை ஏதாவது பார்த்தீர்களா?"

பிறகு மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இருந்த வெற்று டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றினார். கரகரவென்ற ஒலி. டிரம்மின் மேல்விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். 'கடக்' என்று ஆடியது. பின்புற மூடியைக் கழற்றினார். டிரம்மின் அச்சு வெளியே வரும் இடத்திற்குக் கீழே, செம்பழுப்புக் கோடு ஒன்று வழிந்து காய்ந்திருந்தது. அடுத்து பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரைத் தனியே சுற்றினார், ஓசையின்றிச் சுழன்றது. டிரம்மைத் தனியே சுற்றினார்; அதே கரகரப்பு.

"மோட்டார் நல்லாத்தான் இருக்கிறது சார். பேரிங் போய்விட்டது. பேரிங் மட்டும் போகவில்லை. முதலில் போனது அதன் முன்னே இருக்கும் ரப்பர் சீல். அது தேய்ந்ததால் சோப்புத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. சீலை மாற்றாமல் பேரிங்கை மட்டும் மாற்றினால் மறுபடியும் இதே கதைதான்."

இத்தனைக்கும் பதினைந்து நிமிடம். ஓர் ஐயம், அதைச் சோதிக்க ஒரு முறை, ஒரு பகுதியை விலக்கி மற்றொன்றைத் தனிமைப்படுத்தல், சான்றைக் கொண்டு முடிவுக்கு வருதல். நான் அறிவியல் பாடத்தில் 'ஆராய்வுத் திறன்' என்று கரும்பலகையில் எழுதிப் போடுவதை ஒருவர் என் வீட்டுத் தரையில் அமர்ந்து செய்து காட்டினார்.

ஒரு கட்டத்தில் அவர் நீண்ட திருப்புளி ஒன்றின் நுனியை அச்சின் உறைமீது வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்து, என்னை டிரம்மைச் சுற்றச் சொன்னார். உலோகத்தின் வழியே ஒலி காதுக்கு வந்துவிடும். மருத்துவரின் இதயத்துடிப்புமானி போல. அதைக் கண்டதும் என் தந்தையார் நினைவுக்கு வந்தார். அவர் செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். இதேபோல் திருப்புளியைக் காதில் வைத்து, எந்த இயந்திரம் அடுத்த வாரம் நிற்கும் என்று சொல்லக்கூடியவர். அவர்தாம் என்னிடம், "நீ இந்தக் கிரீஸ் வேலைக்கு வராதே, பேனா பிடி" என்றார். அவர் சொன்னதன் பின்னால் இருந்த வலி எனக்குத் தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பேரிங் என்பதை நாம் 'உருள்தாங்கி' என்கிறோம். ஒன்றினுள் ஒன்றாக இரண்டு எஃகு வளையங்கள். இடையே எஃகுக் குண்டுகள். அவை ஒன்றோடொன்று உரசாமல் இடைவெளிவிட்டு நிறுத்த ஒரு கூண்டு. உள்ளே கிரீஸ். இரு பக்கமும் தூசியும் நீரும் புகாமல் மூடி. சறுக்கும் உராய்வை உருளும் உராய்வாக மாற்றுவதே இதன் வேலை. வண்டி அச்சுக்குக் குண்டுத் தாங்கியை அமைத்து வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த பிலிப் வாகன் 1794இல் காப்புரிமை பெற்றார். அன்றுமுதல் இதன் அடிப்படை அமைப்பு பெரிதும் மாறவில்லை. குண்டு ஓடும் தடத்தில் நீர் புகுந்து துருப்பிடித்தாலோ, மணல் புகுந்தாலோ, கிரீஸ் வற்றினாலோ தடத்தில் நுண்ணிய குழிகள் விழுகின்றன. ஒவ்வொரு குண்டும் அந்தக் குழியைக் கடக்கும்போது எழும் தட்டலே நமக்கு இரைச்சலாகக் கேட்கிறது. வேகம் கூடினால் தட்டல்கள் நெருங்குகின்றன, ஒலி உயர்கிறது. வேகத்தோடு சேர்ந்து ஏறும் இரைச்சல் பேரிங்கின் முதல் அடையாளம்.

அடுத்த சனிக்கிழமை அவர் இயந்திரத்தைப் பிரித்தார். உள்ளே இரண்டு பேரிங்குகள். ஒன்றில் 6205, மற்றொன்றில் 6206 என்று பொறித்திருந்தது. "கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்குங்கள் சார், உள்துளையின் அளவு மில்லிமீட்டரில் வரும்" என்றார். 05 என்றால் 25 மில்லிமீட்டர். 06 என்றால் 30. அளந்து பார்த்தேன்; இம்மி பிசகவில்லை. 04 முதல் இந்த விதி பொருந்தும். அதற்குக் கீழே தனிக் கணக்கு: 00 என்றால் 10 மில்லிமீட்டர், 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. இதை அவருக்கு நான் கற்பிக்கவில்லை. ஐந்தாம் வாய்ப்பாட்டுக்காக நான் அதட்டிய மாணவர் எனக்கு அதைக் கற்பித்தார்.

மாற்றும் முறையிலும் நுட்பம் இருந்தது. புதிய பேரிங்குகளை எங்கள் உறைபெட்டியில் இரண்டு மணிநேரம் வைக்கச் சொன்னார். குளிரில் எஃகு சற்றே சுருங்கும். தன் இருப்பிடத்தில் எளிதாக அமரும். பழைய பேரிங்கின் வெளிவளையத்தைப் புதியதன் வெளிவளையத்தின்மேல் வைத்து, சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினார். "உள்வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகத் தடத்தில் இறங்கும். புதுப் பேரிங் பொருத்தும்போதே காயப்பட்டுவிடும்" என்றார். வெளிப்புறம் இறுகப் பொருந்தும் இடத்தில் வெளிவளையத்தையும், அச்சில் இறுகப் பொருந்தும் இடத்தில் உள்வளையத்தையும் மட்டுமே அழுத்த வேண்டுமாம். புதிய சீலையும் பொருத்தினார். பொருள்களுக்கு 75 ரிங்கிட், கூலி 150. இயந்திரம் இன்றும் முணுமுணுப்பின்றிச் சுழல்கிறது.

தேநீர் அருந்தும்போது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், ஐந்தாம் ஆண்டில் நீங்கள் சொன்னது பலித்துவிட்டது. ஸ்பேனர்தான் பிடிக்கிறேன்." குரலில் கசப்பு இல்லை. ஆனால் இருபது ஆண்டுகளாக அவர் அதை மறக்கவுமில்லை. எனக்கோ, அவரிடம் அதைச் சொன்ன நாள்கூட நினைவில் இல்லை.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தைக் கற்பிக்கும்போது ஒரு வரிசைமுறையை மாணவர்களுக்கு விளக்குவோம்: நோயை அறி, அதன் மூலத்தை அறி, தணிக்கும் வழியை அறி, பிறகு செயலில் இறங்கு. என் மாணவர் செய்தது அதே வரிசைதான். இரைச்சல் அறிகுறி. பேரிங் நோய். சீல் நோய்க்கு மூலம். இதில் ஒருபடி தவறினாலும் பணம் வீண். 'மோட்டார் போய்விட்டது' என்றவர் முதற்படியிலேயே நின்றுவிட்டார்.

சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரில் ஒரு நெசவாலையில் பொறியாளராக இருந்த ஸ்வென் விங்குவிஸ்ட் என்பவரின் வரலாறும் இத்தகையதே. ஆலையின் பேரிங்குகள் அடிக்கடி பழுதாகின. களிமண் நிலத்தில் கட்டடம் அசைவதால் நீண்ட அச்சுகள் நேர்கோட்டிலிருந்து விலகுகின்றன, அதுவே மூலம் என்பதை அவர் உணர்ந்தார். அச்சு சற்றுச் சாய்ந்தாலும் தானே ஒத்துக்கொள்ளும் பேரிங்கை 1907இல் உருவாக்கினார். அதே ஆண்டு தோன்றிய எஸ்.கே.எஃப். நிறுவனம் இன்று உலகறிந்தது. பழுதுபார்ப்பவரின் கேள்வியிலிருந்து ஒரு தொழில்துறையே பிறந்திருக்கிறது.

நம் வீடுகளில் இந்தக் கேள்விகளை நாமும் பிள்ளைகளும் கேட்கலாம்.

கூரை மின்விசிறியை எடுத்துக்கொள்வோம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இறக்கையைக் கையால் தள்ளினால் வழுக்கிச் சுழல வேண்டும். கரகரத்து, சீக்கிரம் நின்றுவிட்டால் பேரிங் ஐயத்திற்குரியது. கையால் எளிதாகச் சுழன்று, மின்சாரத்தில் மட்டும் மெதுவாக ஓடினால் பெரும்பாலும் கெபாசிட்டர் பழுது. பேரிங்கின்மேல் பழிபோடக் கூடாது. ஒலி ஒரே இடத்தில் 'டக் டக்' என்று வந்தால் முதலில் திருகுகள் இறுக்கமாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். மேசை விசிறிகள் பலவற்றில் குண்டுத் தாங்கியே இராது. உலோகப் புஷ் மட்டும் இருக்கும். அச்சில் சுற்றிய முடியையும் தூசியையும் அகற்றி, தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும். டப்பாவில் வரும் துரு இளக்கும் தெளிப்பை அடித்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்று மகிழ்வோர் உண்டு. அது ஒலியைச் சில நாள் அடக்கும். எஞ்சியுள்ள கிரீஸையும் கரைத்துவிடும்.

அடுத்து, நம் பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி வரும் கப்சாய் மோட்டார் சைக்கிள். பள்ளி வாசலில் நிற்கும்போது சக்கரம் ஊளையிடும் வண்டிகளை இப்போதெல்லாம் என் காது தானே கண்டுபிடித்துவிடுகிறது. வண்டியை நடுத்தாங்கலில் நிறுத்தி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து இருபுறமும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் சக்கர பேரிங்கைச் சோதித்தே ஆக வேண்டும். சுற்றிவிட்டுக் கேளுங்கள். சங்கிலியின் ஒலியா, பிரேக் உரசலா, அச்சின் கரகரப்பா என்று பிரித்தறியுங்கள். பின்னிருக்கையில் இரண்டு பிள்ளைகள் அமர்ந்து வருகையில் சக்கரம் தள்ளாடினால் நேரக்கூடியதை நான் எழுத வேண்டியதில்லை. அந்தப் பேரிங்கின் விலை ஒரு குடும்பத்தின் ஒருவேளை உணவுச் செலவைப் போன்றதே.

மகிழுந்தில் சக்கர பேரிங் தேய்ந்தால் வேகத்தோடு ஏறும் 'ஊம்' என்ற ரீங்காரம் கேட்கும். சாலையின் தளம் மாறும்போது ஒலியும் மாறினால் டயரை ஐயப்படலாம். தளம் எதுவானாலும் ஒலி மாறாமல், வளைவில் மட்டும் கூடியோ குறைந்தோ போனால் பேரிங்கை ஐயப்படலாம். இடப்பக்கம் வளையும்போது எடை வலப்பக்கச் சக்கரங்களில் ஏறுகிறது. அப்போது ஒலி கூடினால் பழுது பெரும்பாலும் வலப்பக்கத்தில். வண்டி நின்றிருக்க, எஞ்சினை முடுக்கும்போதே ஒலி வந்தால் சக்கரத்துக்குத் தொடர்பில்லை. ஆல்டர்னேட்டர், தண்ணீர்ப் பம்பு போன்றவற்றைப் பார்க்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கி அசைத்துப் பார்க்கும்போது ஆட்டம் தெரியாவிட்டாலும் பேரிங் நலம் என்று உறுதி சொல்ல முடியாது; ஆட்டம் தோன்றுமுன்னரே இரைச்சல் தொடங்குவதுண்டு. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கைத் தாக்கியது போன்ற வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை வாங்கவோ ஓட்டவோ நேர்ந்தால் சக்கர பேரிங்குகளையும் சோதிக்கச் சொல்லுங்கள். மூடியைக் கடந்து உள்ளே போன சேறு பல வாரங்கள் கழித்தே குரல் கொடுக்கும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பிள்ளைகள் கேட்கலாம், கையால் சுற்றிப் பார்க்கலாம்; அதுவும் மின்செருகியைப் பிடுங்கிய பிறகு, பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது. ஓடும் பெல்ட்டின் அருகே தளர்ந்த ஆடையும் அவிழ்ந்த கூந்தலும் கூடா. கெபாசிட்டரில் மின்சாரம் நின்ற பின்னும் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். மகிழுந்தை ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பித் தூக்கி அடியில் நுழையக் கூடாது. மகிழுந்தின் சக்கர பேரிங்கை மாற்றுவதற்குப் பல வேளைகளில் அழுத்து இயந்திரம் தேவை. அது பட்டறையின் வேலை. ஆயினும் என்ன பழுது என்று அறிந்து பட்டறைக்குப் போவதற்கும் அறியாமல் போவதற்கும் நூற்றுக்கணக்கான ரிங்கிட் வேறுபாடு உண்டு.

இனி, என் தந்தையாரின் வலி.

தோட்டத்திலும் ஆலையிலும் உழைத்த தலைமுறை 'பேனா பிடி' என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. கைவேலை என்றால் குறைந்த கூலி, துரையின் ஏச்சு, பாதுகாப்பற்ற பணியிடம் என்பதே அவர்கள் கண்ட உண்மை. தம் பிள்ளைகளை அந்த இழிவிலிருந்து காப்பாற்றவே அவர்கள் விரும்பினார்கள். அந்த அன்பை நான் குறை கூற மாட்டேன். நான் இன்று மாதச் சம்பளம் பெறுவது அந்த அன்பினால்தான். ஆனால் அவர்கள் வெறுத்தது இழிவை. நாமோ அதைத் தவறாகப் புரிந்துகொண்டு வேலையையே வெறுக்கக் கற்பித்துவிட்டோம். திருப்புளியைக் காதில் வைத்து என் தந்தையார் செய்த ஆய்வு அறிவு வேலை என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் மறைந்து பதினோர் ஆண்டுகள் ஆகின்றன.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் 'எத்தனை ஏ?' என்று கேட்கும் பழக்கம் நம்மை விட்டு நீங்கவில்லை. நான்காம் ஆண்டிலிருந்து வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடம் நம் பள்ளிகளில் இருக்கிறது. மற்றப் பாடங்களை முடிக்க நேரம் போதாதபோது நாம் முதலில் கடன் வாங்குவது அந்தப் பாடவேளையைத்தான். இதை நானும் செய்தவன் என்பதால் எழுதுகிறேன். நாட்டில் மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளில் வழங்கப்படுகிறது. அதற்கு மேல் நான்காம், ஐந்தாம் நிலைகளில் டிப்ளோமா தகுதிகளும் உள்ளன. தொழிற்கல்லூரிகளும் இருக்கின்றன. இந்தப் பாதையை நம் பிள்ளைகளுக்குத் தோற்றவர் செல்லும் வழி என்று அறிமுகப்படுத்தினால், அதில் செல்பவன் கூனிக் குறுகியே செல்வான். செல்லாதவனோ, வீட்டு மின்விசிறி முனகினால் அடுத்தவர் சொல்லும் விலையைக் கேட்டுத் தலையாட்டுவான்.

எல்லாரும் பட்டறைக்குப் போக வேண்டும் என்பது என் கருத்தன்று. மருத்துவராக விரும்பும் பிள்ளை மருத்துவராகட்டும். ஆனால் அந்தப் பிள்ளையும் ஓர் ஒலியைக் கேட்டு, 'எங்கிருந்து வருகிறது? எப்போது வருகிறது? எதை விலக்கினால் நிற்கிறது?' என்று கேட்கப் பழகட்டும். நோயாளியின் நெஞ்சில் காது வைக்கும் நாளில் அந்தப் பழக்கமே அவருக்கும் துணை நிற்கும்.

பழைய 6205 பேரிங்கைக் கழுவித் துடைத்து என் வகுப்பறைக்குக் கொண்டு சென்றேன். கூடவே ஒரு புதியதையும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் விரலால் சுற்றிப் பார்த்து, நோயுற்றது எது என்று சொல்லும்படி மாணவர்களிடம் கேட்டேன். முதலில் சரியாகச் சொன்னது, வாசிப்பில் மிகப் பின்தங்கிய ஒரு மாணவி. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "இது சுத்துறப்போ மணல் மேல நடக்கிற மாதிரி இருக்கு சார்" என்றாள். அன்று முழுவதும் அவளே அந்தப் பேரிங்கைத் தன் மேசைமேல் வைத்திருந்தாள். மறுநாள் அதில் பொறித்திருந்த எண்ணை ஐந்தால் பெருக்கி எழுதிக் கொண்டு வந்தாள்.

என் பழைய மாணவரிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று நீங்கள் கேட்கலாம். கேட்டேன். "அதெல்லாம் விடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த மாதம் ஒரு நாள் பள்ளிக்கு வந்து பிள்ளைகளுக்குச் செய்து காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார். அன்று கரும்பலகையின் முன்னே அவர் நிற்பார். நான் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்பேன். ஆசிரிய நண்பர்களே, உங்கள் பள்ளிகளிலும் இப்படி ஒருவரை அழையுங்கள். அவரும் உங்களுள் ஒருவரின் பழைய மாணவராகவே இருக்கக்கூடும்.